படித்துவிட்டுத்தான் கையெழுத்து

அந்த அம்மாள் ஒரு காகிதத்தைப் படித்து முடிக்கும்வரை அரசாங்கம் காத்திருக்க வேண்டும். நான் காத்திருந்திருக்கிறேன். எங்கள் ஜீப் டிரைவர் காத்திருந்து, சீட்டைச் சாய்த்துப் போட்டுத் தூங்கியே இருக்கிறார். ஒரு முறை கடல் கடந்து வந்த பன்னாட்டு வங்கியின் குழு ஒன்று, தலையில் தொப்பியும் கையில் தண்ணீர்ப் பாட்டிலுமாக, ஒரு முருங்கை மரத்தின் அரைகுறை நிழலில் இருபது நிமிஷம் நின்றிருக்கிறது. வருகைப் பதிவேட்டில் அவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் பதிவேட்டின் தலைப்பு, மேலே அச்சடித்திருந்த நாலு விதிமுறைகள், ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தவர்களின் பெயர்கள், எல்லாவற்றையும் அவர் படித்தாக வேண்டும்.

முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொள்வார். ஆள்காட்டி விரலை வரிக்குக் கீழே எறும்பு போல நகர்த்துவார். உதடு அசையும், குரல் வராது. நீளமான சொல் வந்தால் விரல் நிற்கும், பின்னால் போகும், மறுபடி வரும். பக்கத்தில் இருக்கிறவர்கள் கேலி செய்வார்கள். "இது எழுத்துக் கூட்டி முடிக்கறதுக்குள்ள கெணறு வத்திடும்டா" என்பார் ஒருவர். "வத்துனா எத்தன அடியில வத்துச்சுன்னு போர்டு வையுங்க, அதையும் படிக்கும்" என்பார் இன்னொருவர். அவர் நிமிர மாட்டார்.

முதல் தடவை நான் பொறுமையிழந்து, "எல்லாரும் போட்டுட்டாங்கம்மா, நீங்களும் போட்டுட்டா கெளம்பிடலாம்" என்றேன்.

"போடறேன் சார். எழுதுனவரு ஒருத்தரு உக்காந்து எழுதியிருக்காருல்ல. படிக்காம வுட்டா அவருக்கு மரியாதை இல்ல."

எழுதியவன் நான்தான். ஊரக வளர்ச்சித் துறையில் முப்பத்து நாலு வருஷம் எழுதியிருக்கிறேன். முதுகலைப் பட்டம், துறைத் தேர்வுகள், நல்ல ஆங்கிலம், கோப்பு நடைமுறையில் யாரும் என்னிடம் சந்தேகம் கேட்கலாம் என்கிற பெயர். இத்தனை இருந்தும் நான் எழுதியதை ஒரு மேலதிகாரிகூட முழுதாகப் படித்ததில்லை. பென்சிலால் குறுக்குக்கோடு போட்ட இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள். உண்மையைச் சொன்னால், யாரும் படித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் நாங்கள் அப்படி எழுதுகிறோம். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே வாசகர், செந்துறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் குடிநீர்க் குழுத் தலைவியாக இருந்த அந்த அம்மாள்தான். அவருக்கு நான் செய்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் யாராவது மறுப்புக் கடிதம் எழுதுவார்கள். அதற்கும் நானே வரைவு எழுதித் தந்த காலம் ஒன்று உண்டு.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் மாவட்டத்துக்கு அந்த வங்கியின் கடனில் ஒரு குடிநீர்த் திட்டம் வந்தது. நான் பெரம்பலூரில் இருந்த திட்ட அலுவலகத்துக்கு அயல்பணியாக அனுப்பப்பட்டேன். உலகத்தில் பாதி அரசாங்கங்களுக்குக் கடன் கொடுக்கிற வங்கி அது. பணத்தோடு நிபந்தனைகளும் வரும். நிபந்தனைகள் பணத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். ஆழ்துளைக் கிணறும் மேல்நிலைத் தொட்டியும் வேண்டுமென்றால், ஊரில் குடிநீர்க் குழு இருக்க வேண்டும். குழுவுக்குப் பெண் தலைவியாக இருக்க வேண்டும். கூட்டத்தில் மக்கள் 'பங்கேற்க' வேண்டும், பங்கேற்றதைப் போட்டோ எடுக்க வேண்டும். நம் ஊர்ப் பெண்கள் தண்ணீருக்காக எத்தனை தலைமுறையாகப் பங்கேற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று அந்த வங்கிக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நடைமுறையில் அதற்கு இடமில்லை.

ஊராட்சித் தலைவர் என் காதருகே வந்து, "பொம்பள ஒண்ணு வேணும், அவ்வளவுதான சார்? ஒண்ணு இருக்கு. வாயே தொறக்காது. கூட்டத்துக்கு வந்தா ஒரு ஓரமா உக்காந்து நோட்டீசப் பாத்துக்கிட்டே இருக்கும்" என்றார்.

அவர் சொன்ன அம்மாளையே தலைவி ஆக்கினோம். பேசாத பெண் என்று நினைத்துவிட்டோம். ஓரமாக உட்கார்ந்து அவர் நோட்டீஸைப் படித்துக்கொண்டிருந்தார் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. எழுத்து தெரிந்த ஆட்கள் செய்கிற தவறு இது. மற்றவர்களும் காகிதத்தைச் சும்மா பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள் என்று நினைத்துவிடுகிறோம்.

அவர் எதையும் விட மாட்டார். பஸ் டிக்கெட்டின் பின்புறத்தைப் படிப்பார். உரச் சாக்கில் தைத்திருக்கும் சீட்டைப் படிப்பார். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரையும் படிப்பார், கடைசி வரியில் அச்சகத்தின் பெயரையும் படிப்பார். ஒரு முறை செந்துறை ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்து பாட்டிலைப் படித்துவிட்டு, "இது போன மாசமே முடிஞ்சு போச்சும்மா" என்று திருப்பிக் கொடுத்தாராம். நர்ஸ் அவரைப் பார்த்த பார்வையை ஊரே நடித்துக் காட்டும்.

தலைவி என்பதற்காக அவரிடம் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் மைப்பெட்டியும் கொடுத்திருந்தோம். அவற்றை ஒரு பழைய பவுடர் டப்பாவில் போட்டு மஞ்சள் பைக்குள் வைத்திருப்பார். தீர்மானம் எழுதினால் முதலில் படிப்பார், பிறகு எழுத்தெழுத்தாகத் தன் பெயரை எழுதுவார், பிறகு ஸ்டாம்பை வாயருகே வைத்து 'ஹா' என்று ஊதி அழுத்துவார். நான் எழுதும் நடையில் அவருக்குச் சில வருத்தங்கள் இருந்தன.

"'இதன்கண் கண்டுள்ளவாறு'ன்னா 'இதுல இருக்குற மாதிரி'தானே சார்?"

"ஆமாம்மா."

"அப்ப அப்படியே போட்டா என்ன?"

"போட்டா எல்லாருக்கும் புரிஞ்சுடும்மா."

அவர் சிரித்தார். நான் நகைச்சுவையாகச் சொன்னேன் என்று நினைத்திருப்பார்.

இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது என்று ஊராட்சி எழுத்தர்தான் ஒரு நாள் டீக்கடையில் சொன்னார். ஊருக்குத் தெற்கே சிமெண்ட் ஆலைக்குச் சொந்தமான சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்று இருக்கிறது. சுரங்கம் என்றால் பூமிக்கடியில் குகை இல்லை. திறந்த குழி. லாரிகள் வட்டம் வட்டமாக இறங்கி ஏறும் பெரிய பள்ளம். அந்தப் பள்ளத்தில் ஒரு மூலை இந்த அம்மாளின் புருஷனுடைய நிலம்.

"ரெண்டு வருஷக் குத்தகைன்னு புரோக்கர் சொன்னான் சார். அவரு கைநாட்டு. உருட்டிட்டாரு. அப்புறம் பாத்தா கிரயப் பத்திரம். இந்தம்மாவும் பக்கத்துலதான் நின்னுச்சாம், சாட்சிக்கு அதுவும் ஒரு கைநாட்டு. அதுக்கப்புறம்தான் ராத்திரிப் பள்ளிக்கூடத்துக்குப் போயி எழுத்து கத்துக்கிச்சு. அப்ப அதுக்கு முப்பத்தஞ்சு வயசு இருக்கும்."

"புருஷன் இப்ப என்ன பண்றாரு?"

"அதே சொரங்கத்துக்கு வாச்மேன் சார். கான்ட்ராக்ட்ல. அவரு நெலத்தை அவரே காவல் காக்குறாரு."

எழுத்தர் சிரித்தார். நானும் சிரித்ததாகத்தான் ஞாபகம்.

வங்கியின் குழு வந்த நாள் எங்களுக்குத் திருவிழா. ரோடு ஓரத்துப் புளிய மரங்களுக்கு வெள்ளையடித்தோம். மக்கள் தங்கள் ஊரைத் தாங்களே வரைபடமாகத் தரையில் வரைந்து காட்ட வேண்டும் என்பது அந்த வங்கிக்குப் பிடித்த முறை. காகிதத்தில் வரைந்தால் அதிகாரிகள் வரைந்தது என்று சந்தேகம் வரும். தரையில், கோலமாவில், பெண்கள் வரைந்தால் பங்கேற்பு. இரண்டு நாள் முன்னதாகவே எங்கள் ஆட்கள் போய்ப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். தெரு எங்கே, கோயில் எங்கே, குழாய் எங்கே, எல்லாம் முடிவாகியிருந்தது.

அன்று அந்த அம்மாள் குனிந்து வரைந்தார். தெரு வந்தது. காலனி வந்தது. கிணறுகள் வந்தன. வற்றிய ஒவ்வொரு கிணற்றுக்குள்ளும் ஒரு சரளைக்கல் வைத்தார். பயிற்சியில் அது இல்லை. அப்புறம் தெற்குப் பக்கம் போய்ச் சுரங்கத்தை வரைய ஆரம்பித்தார். பின்னால் நகர்ந்துகொண்டே வரைந்தார். வட்டம் பெரிதாகிக்கொண்டே போய், நின்றிருந்த எங்கள் திட்ட மேலாளரின் ஷூவைத் தொட்டது. அவர் ஒதுங்கினார். இன்னும் பாதி வட்டம் பாக்கி இருக்கும்போது கிண்ணம் காலியாகிவிட்டது.

"மாவு தீந்து போச்சு சார். குழி பெருசு" என்றார்.

குழுவின் தலைவியான வெள்ளைக்காரப் பெண்மணி ஆர்வமாகப் போட்டோ எடுத்தார். நல்ல மாதிரியான மனுஷி. எங்கள் தூசிக்குக் கண் சிவந்திருந்தது. ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா என்றார். மொழிபெயர்ப்பாளன் நான்.

அம்மாள் கேட்டார்: "எங்கூரு முனையில உங்க திட்டத்து போர்டு வெச்சிருக்கீங்க. சொரங்கத்து கேட்டுலயும் ஒரு போர்டு இருக்கு, ஆலையைப் பெருசு பண்றதுக்குக் கடன் குடுத்தது யாருன்னு. எங்க வூட்டுக்காரருக்குச் சோறு கொண்டு போறப்ப படிச்சேன். ரெண்டு போர்டுலயும் பேங்க் பேருல மொத ரெண்டு வார்த்தை ஒண்ணாருக்கே. ரெண்டும் நீங்கதானா?"

நான் அதே கேள்வியை, அதே நீளத்தில், ஆங்கிலத்தில் கேட்டேன். எனக்கு அன்று என்ன வந்தது என்று தெரியவில்லை. யாரோ ஒருவர் இவ்வளவு ஒழுங்காகப் படித்திருக்கிறாரே என்கிற சந்தோஷமாக இருக்கலாம்.

அந்தப் பெண்மணி கேமராவை இறக்கினார். அது தங்கள் சகோதர நிறுவனம் என்றும், தனியாருக்குக் கடன் தருவது அவர்கள் வேலை என்றும், கட்டடம் ஒன்றாக இருந்தாலும் ஜன்னல் வேறு என்றும் சொன்னார். அவர்கள் பாஷையில் கடன் தரும் பிரிவுகளுக்கு ஜன்னல் என்று பெயர். அதையும் அப்படியே தமிழில் சொன்னேன்.

அம்மாள் கொஞ்சம் யோசித்தார். "ஒரே வூடு. ரெண்டு வாசல். முன்வாசல்ல நின்னு தண்ணி ஊத்துறாங்க, கொல்லப்பக்கமா வந்து எறைச்சுட்டுப் போறாங்க. அப்படித்தானே சார்?"

அதையும் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண்மணி நோட்டில் என்னவோ எழுதினார். பிறகு வந்த அறிக்கையில் தேடிப் பார்த்தேன். 'பெண்களின் பங்கேற்பு உற்சாகமாக இருந்தது' என்று ஒரு வரி இருந்தது.

எனக்கு வந்தது மெமோ. முதல் வேலையாகத் திட்ட மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "மிஸ்டர், நீங்க மொழிபெயர்ப்பாளரா, மைக்கா? வந்ததையெல்லாம் அப்படியே வெளியில வுடுறீங்க?" என்றார். அடுத்து, 'தேவையற்ற விவரங்களை வெளிநாட்டுக் குழுவிடம் தெரிவித்து அரசுக்குச் சங்கடம் ஏற்படுத்தியது' குறித்து 17 ஏ பிரிவில் குற்றக் குறிப்பாணை. சிறு தண்டனைக்கானதுதான். ஆனால் அது நிலுவையில் இருக்கும்வரை பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வராது. எனக்குக் கீழே வேலை கற்றவர்கள் எனக்கு மேலே போவார்கள். எத்தனையோ பேருக்கு அந்தக் குறிப்பாணையைத் தட்டச்சு செய்ய நான் ஏற்பாடு செய்திருக்கிறேன். பெறுகிற பக்கம் நின்றது அதுவே முதல் தடவை.

அந்த அம்மாளோ நேர்மாறாக ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அடுத்த தடவை ஊருக்குப் போனபோது ஒரு பை நிறைய முந்திரிப் பழம் கொண்டுவந்து ஜீப்பில் வைத்தார். "அன்னைக்கு நான் சொன்னத அப்படியே சொன்னீங்க சார். அந்தம்மா மொகத்துலயே தெரிஞ்சுச்சு. மத்தவங்கன்னா 'நன்றின்னு சொல்லுறாங்க'ன்னு முடிச்சிருப்பாங்க." ஜீப் முழுக்கப் பெரம்பலூர் வரை முந்திரிப் பழ வாசனை. டிரைவர்தான் எல்லாவற்றையும் தின்றார். நான் ஒன்றுகூட எடுக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்துத் தொட்டி கட்டி முடிந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. நல்ல தண்ணீர், அதை மறுக்க முடியாது. இனி ஒப்படைப்பு. திட்டத்தைக் குழு ஏற்றுக்கொண்டதாகத் தலைவி கையெழுத்திட்டால்தான் அந்த ஊர் வங்கியின் கணக்கில் 'முடிந்தது' ஆகும். முடிந்த ஊர்களின் பட்டியல் போனால்தான் அடுத்த தவணைக் கடன். எங்கள் பட்டியலில் அந்த ஒரு ஊர்தான் பாக்கி. அடுத்த வியாழக்கிழமை வங்கியின் குழு மறுபடி வருகிறது.

பத்திரம் மூன்று தாள், ஆங்கிலம். தமிழ் வாசகம் ஒன்றும் இருந்தது, நான் எழுதியதுதான். ஆனால் அதை வங்கி யாரிடமோ கொடுத்து மறுபடி ஆங்கிலத்தில் பெயர்த்துப் பார்த்து, மூலத்தோடு ஒத்துவரவில்லை என்று நிறுத்தி வைத்திருந்தது. அங்கீகாரம் வரும்வரை ஆங்கிலத்தில்தான் கையெழுத்து வாங்க வேண்டும். மற்ற ஊர்களில் அது சிக்கலே இல்லை. எங்கே போட வேண்டும் என்று பென்சில் புள்ளி வைத்துக் கொடுத்தால் போதும்.

அதில் ஏழாவது பிரிவு இப்படி இருந்தது: நீராதாரம் வற்றினாலும், குறைந்தாலும், கெட்டாலும், மாற்று ஆதாரம் தேடுவது முழுக்கக் குழுவின் பொறுப்பு. அரசிடமோ திட்டத்திடமோ எதையும் கோர முடியாது.

திட்ட மேலாளர் என் மெமோ கோப்பை மேஜைமேல் வைத்துக்கொண்டு பேசினார். "அந்தம்மா உங்களைத்தான் நம்புது. நீங்களே போயிட்டு வாங்க. வந்ததும் இதை முடிச்சுடலாம்." வேறு எதுவும் சொல்லவில்லை. நல்ல அதிகாரிகள் வேறு எதுவும் சொல்ல மாட்டார்கள்.

அந்த அம்மாள் தன் வீட்டு வாசலில் பாய் விரித்து என்னை உட்காரவைத்தார். பத்திரத்தை வாங்கிப் பார்த்தார். விரல் முதல் வரிக்குக் கீழே போய் நின்றது. நகரவில்லை.

"இங்கிலீசுல இருக்கே சார்."

"தமிழ்ல வரும்மா. இப்போதைக்கு இதுதான்."

"அப்ப நீங்க படிச்சுச் சொல்லுங்க. முழுசா."

படித்தேன். ஒவ்வொரு பிரிவாக. தொட்டி குழுவுக்குச் சொந்தம். ஆபரேட்டரைக் குழு நியமிக்கும். குழாய் உடைந்தால் குழு சரிசெய்யும். அவர் தலையசைத்துக்கொண்டே, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். ஆறாவது பிரிவு இரண்டாம் தாளின் நடுவில் முடிந்தது. நான் தாளைத் திருப்பினேன். மூன்றாம் தாளின் மேலே எட்டாவது பிரிவு இருந்தது. அதைப் படித்தேன்.

அவர் கண் காகிதத்தின் மேலேயே இருந்தது. எழுத்து தெரியாத பாஷையானாலும் தாளில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியுமே.

"அந்தத் தாளு அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவுதான்மா."

"தண்ணி கீழ போயிட்டா யாரு பாக்குறதுன்னு ஒண்ணும் போடலையா? அந்தக் குழி இன்னும் ஆழமாகிட்டே போவுது சார். அதான் கேக்குறேன்."

"அதெல்லாம் கவர்ன்மென்ட் பாத்துக்கும்மா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் என்னுடைய முப்பது வருஷ அரசாங்க முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுத்தெழுத்தாகத் தன் பெயரை எழுதினார். ஸ்டாம்பை 'ஹா' என்று ஊதி அழுத்தினார். எங்கள் பழக்கத்தில் முதல் தடவையாக, தான் படிக்காத ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

என் மெமோ மறுநாள் 'எச்சரிக்கையுடன் கைவிடப்பட்டது'. அந்த வருஷப் பட்டியலில் என் பெயர் வந்தது.

தண்ணீர் ஒன்றரை வருஷம் வந்தது. அப்புறம் உப்புக் கரித்தது. அப்புறம் குழாயைத் திறந்தால் காற்று வந்தது. சுரங்கத்தில் ஊற்றெடுக்கும் தண்ணீரை ராட்சச மோட்டார் வைத்து இறைத்து ஓடையில் விட்டுக்கொண்டிருந்தார்கள் என்று கேள்வி. அந்த அம்மாள் திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீசுக்கு வந்து வரிசையில் நின்றார். அந்த வருஷங்களில் அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள், பிறகு பெரம்பலூரோடு சேர்த்தார்கள். கோப்புகள் லாரியில் போய் லாரியில் திரும்பி வந்த காலம். அவர் மனுவின்மேல் பதிலெழுத வேண்டிய அலுவலகம் எது என்று முடிவாகவே நாலு மாதம் ஆனது. கடைசியில் அது திட்ட அலுவலகத்துக்கு, திட்ட அலுவலகத்தில் என் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

பதில் வரைவு எழுதினேன். "ஒப்படைப்புப் பத்திரம் பிரிவு ஏழின்படி, நீராதாரம் வற்றும் நேர்வில் மாற்று ஆதாரம் தேடுவது தங்கள் குழுவின் பொறுப்பாகும் என்பதும், இதில் அரசு செய்வதற்கொன்றுமில்லை என்பதும் தெரிவிக்கப்படுகிறது." ஏழாவது பிரிவை அந்த அம்மாளுக்கு முதன்முதலாகத் தமிழில் தந்தவன் நான்தான். இந்த வாசகத்துக்கு வங்கியின் அங்கீகாரம் தேவைப்படவில்லை.

அவர் என்னைப் பார்க்க இரண்டு தடவை ஆபீசுக்கு வந்ததாகப் பியூன் சொன்னான். முதல் தடவை நிஜமாகவே விடுப்பில் இருந்தேன்.

நான் ஓய்வுபெற்ற சில மாதங்களில், ஒரு மத்தியானம், பெரம்பலூரில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். எப்படி விலாசம் கிடைத்தது என்று கேட்டதற்கு, "தெரு முனையில போர்டு இருக்கே சார்" என்றார். மஞ்சள் பை, பவுடர் டப்பா, எல்லாம் இருந்தன. என் மனைவி ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாய் எடுக்காமல் முழுதும் குடித்தார்.

"உங்க தண்ணி நல்லாருக்கும்மா. உப்பே இல்ல" என்றார் அவளிடம்.

பிறகு என் பக்கம் திரும்பி, பையிலிருந்து பத்திரத்தின் நகலை எடுத்து நீட்டினார். "இப்ப படிங்க சார். முழுசா."

படித்தேன். ஏழையும் படித்தேன். அவர் விரல் கூடவே நகர்ந்து, ஏழாவது பிரிவின் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை போயிற்று. "ஆறு வரி" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அடுத்து ஒரு மனுவை எடுத்தார். அரியலூரில் ஒரு வக்கீல் எழுதிக்கொடுத்தது. அந்த வங்கியிலேயே ஒரு முறையீட்டுக் குழு இருக்கிறது. திட்டத்தால் பாதிக்கப்பட்டவர்கள், தங்கள் சம்மதம் சரியாகப் பெறப்படவில்லை என்று நிரூபித்தால், அது விசாரிக்கும். விசாரித்தால் புதிய நீராதாரம் கிடைக்க வழி உண்டு. ஆனால் கடன் கணக்கு முடிக்கப்படும் தேதிக்கு முன்னால் மனு போய்ச் சேர வேண்டும். அதற்கு எட்டு மாதம் இருந்தது. மனுவின் கடைசியில், 'ஏழாவது பிரிவு குழுத் தலைவிக்குப் படித்துக் காட்டப்படவில்லை என்பதை உறுதி செய்கிறேன்' என்று ஒரு வரி, அதன் கீழே சாட்சிக்கு ஒரு காலியிடம். பக்கத்தில் குழுவின் ஸ்டாம்பை முன்கூட்டியே அழுத்தியிருந்தார்.

"அன்னைக்கு நீங்களும் நானும்தான் இருந்தோம். வேற சாட்சி இல்ல சார்."

மொத்த ஊரின் தண்ணீரும் அந்தக் காலியிடத்தில் இருந்தது. என் ஓய்வூதியமும் அதில்தான் இருந்தது. ஓய்வுபெற்றவர்மேல், சம்பவம் நடந்து நான்கு வருஷத்துக்குள் என்றால், அரசு அனுமதியோடு நடவடிக்கை எடுக்க விதி இருக்கிறது. நான்கு முடிய எனக்கு இன்னும் பதினோரு மாதம் இருந்தது. இரண்டு தேதிகளும் எனக்கு அந்த நிமிஷமே தெரிந்தன. அதுதான் நடைமுறை தெரிந்தவனுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம். மற்றவர்கள் மனசாட்சியைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது நாங்கள் காலண்டரைப் பார்த்துவிடுவோம்.

"படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேம்மா" என்றேன்.

அந்த வாக்கியத்தை நான் யாரிடமிருந்து எடுத்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் முகத்தில் ஒரு மரியாதைகூட வந்தது.

"படிங்க சார். நல்லா படிங்க. நான் இருக்கேன்."

வாசல்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் உள்ளே நாற்காலியில் மனுவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு பக்கம். இரண்டு நிமிஷத்தில் படித்துவிட்டேன். மூன்று மணி ஆயிற்று, நாலு ஆயிற்று. மனைவி காபி கொண்டுபோய்க் கொடுத்தாள். எத்தனையோ நாள் நான் அவருக்காகக் காத்திருந்த மாதிரி, அவர் எனக்காகக் காத்திருந்தார். தெருவில் போன சிலிண்டர் வண்டியில் எழுதியிருந்ததைப் படித்தார். எதிர்வீட்டு கேட்டில் இருந்த பெயரைப் படித்தார். ஐந்தரைக்கு எழுந்து ஜன்னலருகே வந்தார்.

"செந்துறை பஸ் போயிடும் சார். மனு உங்ககிட்டயே இருக்கட்டும். முடிச்சுட்டு ஒரு கார்டு போடுங்க, வந்து வாங்கிக்கிறேன்."

நான் கார்டு போடவில்லை. எட்டு மாதத்தில் அந்தக் கடன் கணக்கு ஒழுங்காக முடிக்கப்பட்டது. முடிவறிக்கையில் திட்டம் 'திருப்திகரம்' என்று மதிப்பிடப்பட்டிருந்ததாகப் பழைய சகா ஒருவர் சொன்னார். இன்னும் மூன்று மாதத்தில் என் நான்கு வருஷமும் முடிந்தது. நான் அலமாரியில் வைத்த அந்த மனுவை மனைவி ஒரு நாளும் எடுத்துத் தூசி தட்டவில்லை. அது இருக்கிற இடம் தெரியும் என்று மட்டும் ஒரு முறை சொன்னாள்.

அரியலூரை மறுபடியும் தனி மாவட்டமாக்கப்போகிறார்கள் என்று பேச்சு எழுந்த வருஷம், அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அவரைக் கடைசியாகப் பார்த்தேன். இரண்டு பிளாஸ்டிக் குடங்களைக் கழுத்தோடு கழுத்துக் கட்டித் தோளில் போட்டிருந்தார். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருந்த ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். நான் தூணுக்குப் பின்னால் நகர்வதற்குள் பார்த்துவிட்டார்.

"படிச்சு முடிச்சுட்டீங்களா சார்?"

"இன்னும் கொஞ்சம் இருக்கும்மா" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

"அவசரமில்ல சார்" என்றார். "நானும் படிச்சேன். தேதி போயிடுச்சு."

குடங்களை முன்னால் தள்ளிவிட்டுப் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.